திங்கள், புதன், சனி: மீன்பிடிக் கூட்டுப் பணிக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

இந்திய–இலங்கை மீன்பிடிக் கூட்டுப் பணிக்குழுவில் அமரும் இரு நாட்டு அதிகாரிகளுக்கும், அவர்களை அனுப்பி வைக்கும் வெளிவிவகார, கடற்றொழில் அமைச்சுகளுக்கும்,

எங்கள் யாழ்ப்பாணத் தீவகக் கரையில் திங்கள், புதன், சனி இரவுகளில் நண்டு வலை விடுவதில்லை. அரசாங்கம் தடை போடவில்லை, கோயில் விரதமும் இல்லை. அந்த மூன்று நாளும் இராமேசுவரத்து ரோலர்கள், அதாவது கடலடியை வாரி இழுத்து எங்கள் வலையையும் அறுத்துப்போகும் விசைப்படகுகள், வரும் நாள். பொழுதுபட்டால் தெற்கு வானத்தின் அடியில் வெளிச்சம் வரிசை கட்டும். எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் அது என்னவென்று தெரியும்.

அந்த நாட்கள் எப்படி வந்தன என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தமிழ்நாட்டுக் கரையில் விசைப்படகுக்காரருக்கும் நாட்டுப்படகுக்காரருக்கும் அடிபிடி முற்றியபோது, வாரத்தில் மூன்று நாள் உனக்கு, நான்கு நாள் அவனுக்கு என்று பங்கு பிரித்து விட்டார்கள். அந்தக் கரையின் சண்டைக்கு அந்தக் கரையில் கண்ட தீர்வு. அதை வகுத்தவர்களின் நினைவில் நாங்கள் இருந்திருக்க மாட்டோம். ஆனால் எங்கள் சமையலறைக் கலண்டரை இன்றுவரை நடத்துவது அந்தப் பங்குதான். அதேபோல ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அங்கே விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் எங்கள் ஆட்கள் பயமில்லாமல் தொழில் செய்வார்கள். கடனில் ஒரு பகுதி அடைவது அப்போதுதான்.

இரண்டு நாடுகளுக்கும் நடுவிலுள்ள இந்தக் கடலில் எங்களுக்குப் பயன்படுகிற ஒழுங்கு இவ்வளவுதான். அதுவும் எங்களைக் கேட்டுச் செய்ததல்ல, எங்களுக்காகச் செய்ததுமல்ல. எங்களுக்கென்று நீங்கள் செய்த ஒழுங்கு எங்கே என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் யாழ்ப்பாணத் தீவகத்தில் ஒரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் பதிவேடு எழுதுபவள். கணவர் தொழிலுக்குப் போகிறவர். நான் விடியற்காலையில் கரையில் நின்று வலையிலிருந்து நண்டு கழற்றிவிட்டு, பிறகு சங்கத்துக்குப் போய்க் கொப்பியைத் திறப்பேன். அந்தக் கொப்பிகளில் ஒன்று வலை இழப்புப் பதிவு. பெயர், படகின் இலக்கம், எத்தனை வலை, எந்தத் திகதி, எந்தத் திசையில் விட்டது. கடைசி நிரலின் தலைப்பு ‘எடுத்த நடவடிக்கை’. அந்த நிரல் மேலிருந்து கீழ்வரை வெறுமை.

2016 நவம்பர் 5ஆம் திகதி புதுடில்லியில் இரு நாட்டு அமைச்சர்கள் கூடி இந்தக் குழுவை அமைத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழு கூடும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடற்றொழில் அமைச்சர்கள் சந்திப்பார்கள் என்று கூட்டறிக்கை சொன்னது. ரோலர்கள் கடலடியில் இழுக்கும் வலையான இழுவைமடியை இயன்றளவு விரைவில் முடிவுக்குக் கொண்டுவருவதை விரைவுபடுத்துவது குழுவின் வேலைகளில் ஒன்று. அதே ஆண்டு டிசெம்பர் 31இல் முதல் கூட்டம் நடந்தது. அதற்குப் பிறகு நான் எண்ணிக்கொண்டே வருகிறேன். நான்காவது கூட்டம் 2020 டிசெம்பரில். ஐந்தாவது 2022 மார்ச்சில். ஆறாவது 2024 ஒக்டோபர் 29இல், கொழும்பில். சொன்ன சொல்லின்படி அந்த எட்டு ஆண்டில் முப்பதுக்கு மேற்பட்ட கூட்டங்கள் நடந்திருக்க வேண்டும். நடந்தவை ஆறு. எங்கள் சங்கத்தில் மாதாந்தக் கூட்டம் மூன்று முறை நடக்காவிட்டால் என் பதிவேட்டைப் பறித்துவிடுவார்கள்.

கொரோனா வந்தது, பொருளாதாரம் விழுந்தது, ஆட்சி மாறியது என்பீர்கள். எல்லாம் உண்மைதான். அதே ஆண்டுகளில் துறைமுகம், மின்சாரம், எண்ணெய்த் தாங்கி பற்றியெல்லாம் இரு நாடுகளும் பேசிக்கொண்டுதான் இருந்தன. அடுத்த கூட்டம் எப்போது என்று எங்கள் சங்கம் ஓர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டது. ‘உரிய நேரத்தில் அறிவிக்கப்படும்’ என்று ஒரு வரியில் பதில் வந்தது. அந்தக் கடதாசி என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

அதற்குச் சில வாரம் கழித்து எங்கள் வலை போனது. அன்று செவ்வாய்க்கிழமை. விடலாம் என்று நினைக்கிற நாள்தான். ஆனால் கோடியக்கரைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு இராமேசுவரத்துக் கணக்கு இல்லை. விடியப்புறம் போனவர் வழக்கமாகத் திரும்பும் நேரத்துக்கு முன்பே திரும்பினார். வள்ளத்தில் இருந்தது நான்கு மிதப்புக் கட்டைகளும் ஒரு கும்பம் நூலும். வலை இருந்த இடத்தில் ஈயக்குண்டுகூட இல்லை. இழுத்துக்கொண்டு போகும்போது மடியில் சிக்கினால் அறுத்துவிட்டுப் போவார்கள். சிலவேளை அறுக்கக்கூட மாட்டார்கள், மடியோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டே போவார்கள். “என்னத்தைப் பார்த்துக்கொண்டு நிக்கிறாய், தேத்தண்ணியை வை” என்றார். அவ்வளவுதான் பேசினார். அந்த வலை வாங்க அடகு வைத்த என் காப்பு இன்னும் மீளவில்லை.

முறைப்பாடு கொடுக்கப் போனோம். வலையை அறுத்த படகின் இலக்கம் என்ன என்று கேட்டார்கள். நள்ளிரவில், வெளிச்சத்தை அணைத்துவிட்டு வருகிற படகின் இலக்கத்தை யார் பார்ப்பது? இலக்கம் இல்லாவிட்டால் படிவம் முழுமையாகாதாம். பேருந்துக் காசு போனதுதான் மிச்சம்.

இழுவைமடி என்ன செய்கிறது என்று கோப்பில் படித்திருப்பீர்கள். கரையில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். பாக்கு நீரிணை ஆழமான கடலல்ல, வெயில் அடிவரை இறங்கும் கடல். அதனால்தான் அடியில் புல் வளர்கிறது, புல்லில் இறாலும் நண்டும் குஞ்சு வளர்க்கின்றன. மடியின் வாயை விரித்துப் பிடிக்க இரண்டு பக்கமும் கனத்த பலகை, கீழே இரும்புச் சங்கிலி. சேற்றைக் கிளறினால்தான் இறால் எழும்பும். சங்கிலி போன பாதையில் புல் வேரோடு போய்விடும். ரோலர் வந்த மறுநாள் கரையொதுங்கும் சாதாளையை, அந்தக் கடற்புல்லைப் பாருங்கள். காற்றில் பிய்ந்ததென்றால் இலையாக வரும். இது வேரோடும் சேற்றோடும் வருகிறது. எங்கள் அம்மா காலத்தில் பனைக்கும் தென்னைக்கும் பசளையாகத் தாழ்க்கச் சாதாளைக்கு அலைவார்கள். இப்போது அது தானாகவே வந்து குவிகிறது, எடுக்கத்தான் மனம் வருவதில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்திலும் இழுவைமடி உண்டு. 2017 ஜூலையில் இலங்கைப் பாராளுமன்றம் அதைத் தடை செய்து சட்டம் இயற்றியது. இருந்தும் சில இறங்குதுறைகளிலிருந்து போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். எண்ணிக்கை குறைவு என்பது காரணமாகாது. கொழும்பு அதிகாரிகளே, சொந்த வீட்டில் நிறுத்தாததை மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருப்பவரிடம் எந்த முகத்தோடு கேட்பீர்கள்? எங்கள் தென்பகுதிப் பலநாள் படகுகள் இந்தியக் கடலுக்குள் போய்ப் பிடிபடுவதும் உங்களுக்குத் தெரியாததல்ல.

இந்த மடியே இந்தக் கடலுக்கு எப்படி வந்தது? 1952இல் ஐக்கிய நாடுகள் சபையும் நோர்வேயும் இந்தியாவும் ஓர் உடன்பாடு செய்து, கேரளத்தின் நீண்டகரையில் மீன்பிடியை இயந்திரமயமாக்கத் தொடங்கின. பணக்கார வடக்கு ஏழைத் தெற்குக்குச் செய்த உதவி. பிறகு இறாலுக்கு வெளிநாட்டில் விலை ஏற, இழுவைப் படகு கரை கரையாகப் பரவியது. (அதே நோர்வேதான் 2002இல் எங்களுக்குச் சமாதானம் பேசவும் வந்தது. அந்தக் கதையை இன்னொரு நாள் பேசலாம்.) போர்க்காலத்தில் எங்கள் ஆட்களுக்குக் கடல் பூட்டிக் கிடந்தது. தடை, பாஸ், பாதுகாப்பு வலயம், இடப்பெயர்வு. அந்த வெற்றுக் கடலில் அந்தக் கரை ரோலர்கள் பழகிவிட்டன. 2009க்குப் பிறகு நாங்கள் கடன்பட்டு வள்ளமும் வலையும் வாங்கி இறங்கியபோது, எங்கள் கடல் இன்னொருவருடைய தினசரி வழியாகியிருந்தது.

தெற்கு என்ற சொல்லே எங்களுக்கு வேறு பொருள் தருவது. எங்கள் ஊரில் தெற்கு என்றால் கொழும்பு, காலி, மாத்தறை. உலக மேடைகளில் நீங்கள் தெற்கு நாடுகள் என்று இரண்டு நாட்டையும் ஒன்றாகச் சொல்லும்போது நாங்களும் அதற்குள் இருக்கிறோம் என்பது புரியச் சற்று நேரம் எடுக்கிறது. ஆசிய–ஆபிரிக்க நாடுகளின் பாண்டுங் மாநாட்டை 1955இல் கூட்டிய ஐந்து நாடுகளில் இந்தியாவும் இலங்கையும் இருந்தன. 1976 மார்ச்சில் இரண்டு நாடுகளும் கடலில் கோடு போட்டுக்கொண்டன. ஒருவர் மீனவர் மற்றவர் கடலில் தொழில் செய்வதில்லை என்று கடிதமும் மாற்றிக்கொண்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் கொழும்பில் அணிசேரா நாடுகளின் உச்சிமாநாடு. 1978இல் புவெனஸ் அயர்ஸில் 138 நாடுகள் கூடி, வளரும் நாடுகள் தமக்குள் எப்படி உதவிக்கொள்வது என்று ஒரு செயற்திட்டம் நிறைவேற்றின. அது நிறைவேறிய செப்டெம்பர் 12ஐ ஐக்கிய நாடுகள் சபை ஒவ்வோர் ஆண்டும் தெற்கு–தெற்கு ஒத்துழைப்பு நாளாகக் கொண்டாடுகிறது. சமத்துவம், பரஸ்பர நன்மை என்பவை அங்கே பேசப்படும் சொற்கள். சொற்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவை என் கொப்பியின் கடைசி நிரலுக்கு வந்து சேரவில்லை என்பதுதான் முறைப்பாடு.

உதவி வந்ததை நாங்கள் மறந்தவர்கள் அல்லர். 2022இல் பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாள்கணக்கில் வரிசையில் நின்றபோது, இந்தியா சுமார் 400 கோடி டொலர் அளவுக்கு நாட்டைத் தாங்கியது. தமிழ்நாட்டு மக்கள் அரிசியும் பால்மாவும் மருந்தும் அனுப்பினார்கள். அந்த ஜூனில் நெடுந்தீவு, நயினாதீவு, எழுவைதீவு, அனலைதீவு மீனவர்களுக்கென்று இந்தியா 15,000 லீற்றர் மண்ணெண்ணெய் கொடுத்தது. இரண்டு மாதத்தில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ஆனபோது அதன் அருமை இன்னும் தெரிந்தது. அதற்கு முந்திய டிசெம்பரில் சீனத் தூதர் யாழ்ப்பாணம் வந்து வலையும் உலருணவும் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று தீவுகளுக்குச் சூரிய மின்சாரம் தருவது சீனாவா இந்தியாவா என்று இழுபட்டு, கடைசியில் இந்தியா 1 கோடியே 10 இலட்சம் டொலர் மானியமாகத் தர முன்வந்தது. கொடுப்பதில் போட்டி நடக்கிறது. சந்தோசம். ஆனால் ஒரு கையால் எண்ணெய் ஊற்றி, அந்த எண்ணெயில் போய் விட்ட வலையை மறுகையால் அறுத்தால் அதற்கு என்ன பெயர் வைப்பது? எண்ணெய் கொடுத்தவரும் வலை அறுத்தவரும் ஒரே ஆள் இல்லை, தெரியும். எண்ணெய் கொடுக்கத் தெரிந்த அரசாங்கத்துக்குத் தன் கரைப் படகை நிறுத்தவும் முடியும் என்றுதான் சொல்கிறேன்.

பசிபிக் தீவுகளில் நடந்ததைக் கேளுங்கள். கிரிபாட்டி, நவுரு, மைக்ரோனீசியா, பப்புவா நியூகினி என்று ஏழு நாடுகள் 1982இல் நவுருவில் ஓர் உடன்பாடு செய்தன, துவாலு பிறகு சேர்ந்து எட்டானது. பல நாடுகளின் சனத்தொகை எங்கள் யாழ் மாவட்டத்தைவிடக் குறைவு. தனித்தனியாக இருந்தபோது வெளிநாட்டுச் சூரைமீன் கப்பல்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு இருந்தார்கள். பிறகு ஒன்று சேர்ந்து, எங்கள் எல்லோருடைய கடலிலும் சேர்த்து ஆண்டுக்கு இத்தனை கப்பல் நாட்கள்தான், ஒரு நாளுக்கு இதற்குக் குறைந்த விலை இல்லை என்றார்கள். 2010 அளவில் ஆறு கோடி டொலராக இருந்த வருமானம் பத்தாண்டுக்குள் ஐம்பது கோடி அளவுக்கு ஏறியது. அவர்களுக்கு வந்தவர்கள் தூரத்துப் பணக்காரர்கள், எங்களுக்கு வருபவர்கள் பக்கத்து ஏழைகள், அந்த வித்தியாசம் எனக்கும் தெரியும். நான் பார்ப்பது ஒன்றைத்தான். அவர்கள் நாட்களை எண்ணினார்கள், எண்ணிய கணக்கை எல்லோரும் பார்க்க வைத்தார்கள். நாள் பிரிப்பது இந்தக் கடலுக்கும் புதிதல்ல என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

பக்கத்து ஏழை என்று எழுதியதும் ஒரு முகம் நினைவுக்கு வருகிறது. கச்சதீவு அந்தோனியார் திருவிழாவில், இராமேசுவரத்துக்குப் பக்கத்துத் தங்கச்சிமடத்து அக்கா ஒருவர் என்னருகில் பாய் விரித்திருந்தார். கருப்பட்டி தந்தார். நான் பனங்கட்டி கொடுத்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று இருவரும் சிரித்தோம். கணவர் என்ன தொழில் என்று கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. “போட்டுல கூலிக்குப் போறாரு தங்கச்சி. உங்க ஊரு ஜெயில்லதான் போன வருசம் பதினாறு நாள் கெடந்தாரு. மொதலாளி ஒரு தடவகூட எட்டிப் பாக்கல” என்றார். நான் வலை போன கதையைச் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை. எங்கள் பக்கத்து மயிலிட்டித் துறைமுகத்தில் பிடித்துக் கட்டிய இந்தியப் படகுகள் ஒன்றோடொன்று சாய்ந்து உக்குவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அக்காதான் நினைவுக்கு வருகிறார். 2024இல் மட்டும் ஐந்நூறுக்கு மேற்பட்ட இந்திய மீனவர்களைக் கடற்படை பிடித்தது. அந்த ஜூனில் படகைப் பிடிக்கப் போன இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் இறந்தார். ஆகஸ்ட் முதலாம் திகதி நெடுந்தீவுக்கு அருகே கடற்படைப் படகோடு மோதியதில் இராமேசுவரத்து மீனவர் ஒருவர் இறந்தார். உங்கள் கூட்டங்களுக்கு நடுவே இருந்த இடைவெளியில் நடந்த சாவுகள் இவை.

கச்சதீவை மீட்டால் எல்லாம் தீரும் என்று அங்கே மேடைகளில் பேசுகிறார்கள். எங்கள் வலை அறுந்தது கச்சதீவில் அல்ல. எங்கள் வீட்டு வாசலில் நின்றால் சத்தம் கேட்கும் தூரத்தில்.

செய்ய முடியாததைக் கேட்கிறோம் என்று சொல்ல வேண்டாம். 2010 ஆகஸ்டில் இரு கரை மீனவர்களும் சென்னையில் சந்தித்து, ஓராண்டில் இழுவைமடியை நிறுத்துவது என்று தாங்களாகவே ஒத்துக்கொண்டார்கள். அதற்கு மேலே இருந்தவர்கள் கை கொடுக்கவில்லை. 2017இல் இந்தியா, பாக்கு நீரிணை ரோலர்களை ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டம் தொடங்கியது. ஒரு படகு 80 இலட்சம் இந்திய ரூபா, அதில் எழுபது வீதம் அரசாங்கங்களின் மானியம், மூன்று ஆண்டில் 2,000 படகு என்றார்கள். நல்ல திட்டம். இலக்கின் பக்கத்தில்கூட வரவில்லை. இறாலுக்குக் காலையில் போய் மறுநாள் திரும்பும் ஆட்களுக்கு வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்கும் தொழிலை யாரும் கற்றுக் கொடுக்கவில்லை, மானியம் போக மிச்சத்துக்குக் கடன்படப் பயந்தார்கள் என்று அந்தக் கரை ஆட்களே சொல்கிறார்கள். சூரை பிடிக்கும் பலநாள் தொழில் எங்கள் தென்கரைக்காரருக்குக் கைவந்தது. தூண்டிலால் ஒவ்வொன்றாகச் சூரை பிடிப்பதில் மாலைதீவுக்காரரை யாரும் மிஞ்ச முடியாது. வங்காள விரிகுடா நிகழ்ச்சித்திட்டம் என்று இந்தியா, இலங்கை, மாலைதீவு, பங்களாதேஷ் சேர்ந்து 2003 முதல் நடத்தும் அரசுகளுக்கிடையிலான அமைப்பின் தலைமையகம் சென்னையிலேயே இருக்கிறது. ஆசிரியர் இருக்கிறார், மாணவர் இருக்கிறார், பள்ளிக்கூடமும் கட்டியிருக்கிறது. மணி அடிக்க ஆள் இல்லை.

ஆகவே நாங்கள் கேட்பவை:

குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். ஓர் ஆண்டின் நான்கு திகதிகளையும் முன்கூட்டியே வெளியிடுங்கள். கூட்டம் நடக்காவிட்டால் ஏன் நடக்கவில்லை என்று இரு நாடுகளும் எழுத்தில் சொல்லுங்கள். கூட்டக் குறிப்பைத் தமிழில் தாருங்கள். இந்தக் கடலின் இரண்டு கரையிலும் பேசுவது தமிழ்தான், உங்கள் குறிப்புகள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கின்றன.

மேசையில் மீனவருக்கு இடம் வேண்டும். சங்கத் தலைவர்களும் படகு முதலாளிகளும் மட்டும் போதாது. அங்கிருந்து நாட்டுப்படகுக்காரரும் கூலிக்குப் போகிறவரும், இங்கிருந்து வலை இழந்தவர்களும், இரு பக்கத்துப் பெண்களும் வர வேண்டும்.

இழுவைமடி முடியும் ஆண்டு எது என்று இலக்கத்தில் எழுதுங்கள். ‘இயன்றளவு விரைவில்’ வேண்டாம். அதுவரைக்கும் எங்கள் கரையிலிருந்து எத்தனை மைலுக்குள் வரக்கூடாது என்று எல்லை போட்டு, அதை மீறும் படகின் உரிமத்தை அந்தக் கரையிலேயே நிறுத்தி வையுங்கள். அதைத் துறைமுகத்திலேயே செய்தால் கடலில் யாரும் சாக வேண்டியதில்லை. இலங்கை அரசு அதே நாளில் எங்கள் பக்கத்து இழுவைமடியையும் நிறுத்த வேண்டும்.

பிடிபட்ட படகுகளின் தண்டப்பணத்திலிருந்தும் ஏலக் காசிலிருந்தும் வலை இழந்தவருக்கு இழப்பீடு கொடுங்கள். சங்கப் பதிவேட்டை ஆதாரமாக ஏற்றுக்கொள்ளுங்கள், படகின் இலக்கம் கேட்காதீர்கள். எங்கள் கொப்பியைப் பார்வையிட யார் வந்தாலும் காட்டத் தயார்.

மண்டபத்திலுள்ள இந்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி மையமும் கொழும்பின் தேசிய நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவும் சேர்ந்து இந்தக் கடலில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று ஒரே கணக்காக எடுக்கட்டும். இரண்டு நாடும் இரண்டு கணக்கு வைத்திருந்தால் கூட்டத்தில் அதைப் பற்றியே பேசிப் பொழுது போய்விடும்.

தங்கச்சிமடத்து அக்காவின் கணவரைப் போன்ற கூலிக்காரர்களுக்கு மாற்றுத் தொழில் பயிற்சியைச் சென்னை அமைப்பின் வழியாகத் தொடங்குங்கள். மானியம் படகு முதலாளியோடு நின்றுவிடக் கூடாது.

அடுத்த கூட்டத்தின் திகதியை எங்கள் சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். திங்கள், புதன், சனியாகப் பார்த்து வைத்தால் நல்லது. அன்றைக்கு எங்கள் ஆட்கள் எப்படியும் கரையில்தான் இருப்பார்கள்.

இப்படிக்கு,
தீவகத்துக் கடற்றொழிலாளர் சங்கமொன்றில் பதிவேடு எழுதும் பெண்